கோட்டைக்கு முதுகு காட்டி நின்றவன்

கைப்பேசியை அணைத்துத் தேர்வு அலுவலகத்துக் கூடையில் போட்டுவிட்டு மாடி ஏறியதிலிருந்து பூங்கோதைக்குத் தன் வலது கை தன்னுடையது போலவே இல்லை. வினாத்தாள் உறையைப் பிரிக்கும்போதும், ஹால் டிக்கெட்டில் இருக்கிற முகத்தையும் எதிரே வியர்த்துக்கொண்டிருக்கிற முகத்தையும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடும்போதும் அந்தக் கை தானாகக் கைப்பையைத் தேடிப் போய் ஏமாந்து திரும்பியது. இப்போது எல்லோரும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். வணிகவியல் பிள்ளைகள், செலவுக் கணக்குத் தாள். அவள் பொருளாதாரம் நடத்துகிறவள். இந்தத் தாளில் யாருடைய சந்தேகத்தையும் அவள் தீர்க்க வேண்டியதில்லை, நடந்துகொண்டிருந்தால் போதும். சித்திரை வெயில் ஜன்னல் கம்பிகளை முதல் வரிசை மேஜைகளின்மேல் கோடு கோடாகப் போட்டிருந்தது. தலைக்குமேல் மின்விசிறி ஒன்று சுற்றுக்கு ஒரு முறை டக்கென்றது. இந்நேரம் அவள் கட்டுரைக்குக் கீழே இன்னும் எத்தனை பேர் எழுதியிருப்பார்கள். டக். எழுதட்டும். எழுதுவதற்குத்தானே இடம் விட்டிருக்கிறது. நேற்று ஒருவர் 'மேடத்துக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை போல' என்று எழுதியிருந்தார். ஆகி இருபது வருஷமாச்சு தம்பி, மூத்தவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்துட்டுத்தான் வந்தேன் என்று பதில் போட விரல் துடித்தது. போடவில்லை. போட்டால் கல்யாணம் ஆகாதவள் பேசக்கூடாது என்பதை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். எப்படியெல்லாம் கண்ணி வைக்கிறார்கள், வைப்பது கண்ணி என்று அவர்களுக்கே தெரியாமல். மூன்றாவது வரிசையில் ஒரு பையன் கால்குலேட்டரைத் திருப்பி முழங்காலில் தட்டினான். அவள் நின்று பார்த்தாள். வேலை செய்யவில்லை போலிருக்கிறது. பக்கத்துப் பையனிடம் வாங்கித் தரலாமா, விதி என்ன? அவன் இன்னொரு தட்டு தட்டினான், எண்கள் வந்துவிட்டன. அவள் நகர்ந்தாள்.

அவள் எழுதியது ஒரு கட்டுரைதான். 'சுனைநாடு' என்ற எட்டுப் பாக மாயக்கதையைப் பற்றி, ஒரு சிறு பத்திரிகையின் இணையப் பக்கத்தில். ஒரு காலத்தில் வாரப் பத்திரிகையில் தொடராக வந்து, புத்தகமாகி, இப்போது ஒலிப்புத்தகமும் சட்டைகளில் படமுமாக ஆகிவிட்ட கதை அது. வாசகர்கள் தங்களைச் சுனைநாட்டார் என்று சொல்லிக்கொள்வார்கள். அதில் ஆம்பல் என்று ஓர் இளவரசி. அவள் கல்லில் கைவைத்தால் சுனை திறந்து தண்ணீர் வரும். மூன்றாம் பாகத்தில் நாயகன் வேங்கையன் அவளுடைய கோட்டைக்குள் புகுந்து, வேண்டாம் வேண்டாமென்று கத்துகிறவளைத் தூக்கிப் பறக்கும் யாளியின்மேல் போட்டுக்கொண்டு போகிறான். அடுத்த அத்தியாயத்திலேயே அவள் அவனுக்கு மாலை தொடுத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் கைக்கு ஒரு சுனையும் திறப்பதில்லை. பரிமாறுகிறாள், நெற்றியில் திலகமிட்டுப் போருக்கு அனுப்புகிறாள், காத்திருக்கிறாள். சுனைகளை வேங்கையன் திறக்கிறான். இவ்வளவுதான். 'ஆம்பலின் கைக்கு என்ன ஆயிற்று?' என்று தலைப்பு வைத்து, கோபமில்லாமல், பக்க எண்களோடு எழுதினாள். கோபமில்லாமல் எழுதியதுதான் அவர்களுக்கு அதிகக் கோபமோ. 'கதையைக் கதையாகப் பாருங்கள்.' சரி, பார்த்தேன், பார்த்ததைத்தானே எழுதினேன். 'அந்தக் காலத்தில் அப்படித்தான் நடந்தது.' எந்தக் காலத்தில்? யாளி பறந்த காலத்திலா? யாளிக்கு இறக்கை வைக்கலாம், மலையைப் பேச வைக்கலாம், ஒரு பெண்ணிடம் வருகிறாயா என்று கேட்பது மட்டும் வரலாற்றுக்குப் பொருந்தாதாம். இது நல்ல வரி, இதைக் கட்டுரையில் போட்டிருக்கலாம். போடாமல் விட்டதும் நல்லதுதான். நல்ல வரி கிடைத்துவிட்டால் நாக்கு அதற்குப் பின்னாலேயே போய்விடுகிறது, சொல்ல வந்தது தெருவிலேயே நின்றுவிடுகிறது. 'மேம், ஷீட்' என்று ஒரு கை உயர்ந்தது. கூடுதல் தாளையும் கட்டுவதற்கு ஒரு துண்டு வெள்ளை நூலையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் தேர்வு அட்டையில் இறக்கை விரித்த யாளி ஒன்று ஒட்டியிருந்தது. ஓரம் உரிந்து அழுக்கேறிய பழைய ஒட்டுப்படம். நீயுமா. பெண் நிமிர்ந்து அவள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். தாளின் மேல் கையெழுத்துப் போட இடம் தேடியபோது முபீனா என்ற பெயரைப் பூங்கோதை படித்தாள்.

மற்றவர்கள் எழுதியது பரவாயில்லை. யாரோ எவரோ. காலையில் பஸ்ஸில் வரும்போது பார்த்ததுதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. விழுங்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. எழுதியிருந்தவன் வழுதி, அவளுடைய கூடப்பிறந்த தம்பி. திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் ஒன்றில் மேலாளர், சுனைநாட்டார் குழுவை நடத்துகிறவர்களில் ஒருவன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரோடு நடக்கப்போகும் சந்திப்பில் மேடையில் இருந்து கேள்வி கேட்கப்போகிறவனும் அவன்தான். அக்கா என்று தொடங்கவில்லை அவன். 'கட்டுரையாளர்' என்று தொடங்கியிருந்தான். 'கட்டுரையாளர் மூன்றாம் பாகத்தை வாசிக்கவே இல்லை என்பது தெளிவு. வேங்கையன் ஆம்பலைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. கோட்டை வாசலுக்கு வெளியே, கோட்டைக்கு முதுகு காட்டி, மழைக்காலம் முழுக்க நின்றான். அவளாக இறங்கி வந்து அவன் தோளைத் தொட்டாள். இதைவிடப் பெண்ணை மதிக்கிற காட்சி தமிழில் உண்டா?' அதற்குக் கீழே அவனுடைய கூட்டத்து ஆளே ஒருவர், 'தோழர், இது எந்தப் பதிப்பு?' என்று கேட்டு வரிசையாகச் சிரிக்கிற பொம்மை முகங்களைப் போட்டிருந்தார். பஸ் அப்போது ஆற்றுப் பாலத்தில் ஏறியது. அவளுக்கு முதலில் கட்டுரையாளர் என்ற சொல்தான் சுட்டது. அப்புறம்தான் முதுகு காட்டி என்பதைப் படித்தாள். திரும்பப் படித்தாள். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் 'என்னம்மா, வீட்ல யாருக்கும் எதுவுமா?' என்று கேட்கும் அளவுக்கு முகம் போயிருக்க வேண்டும். இல்லம்மா, ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லையா? புத்தகத்தில் வேங்கையன் எங்கேயும் முதுகு காட்டி நிற்கவில்லை. எந்தப் பதிப்பிலும் நிற்கவில்லை. அவனை அப்படி நிற்கவைத்தவள் பூங்கோதை.

அவளுக்கு அப்போது பதினாறு, வழுதிக்கு எட்டு. திண்டுக்கல்லில், தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடை காற்றோடு வந்து போகிற ஒரு தெருவில், ஓட்டு வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுத் தொட்டிமேல் உட்கார்ந்து வாசிப்பாள். அப்பா லாரியோடு நாக்பூர், இந்தூர் என்று போய்விடுவார். அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், பிற்பகல் டியூட்டி என்றால் வர நேரமாகும். தம்பி அழாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான் கதை. புத்தகம் வாடகை நூலகத்தில் எடுத்தது, அட்டை போய்க் காக்கித்தாள் போட்டது. அவன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயசு, ஆனால் இவள் குரலில் கேட்டால்தான் யாளி பறக்கும் என்பான். முதல் பாகமும் இரண்டாம் பாகமும் உள்ளது உள்ளபடி வாசித்தாள். ஆம்பல் முதல்முதலாகக் கல்லில் கைவைக்கிற இடத்தை மட்டும் மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்வான், தொட்டிச் சுவரில் தன் சின்னக் கையை வைத்துப் பார்ப்பான். ஈரமா இருக்குக்கா. தொட்டிடா, ஈரமாத்தான் இருக்கும். மூன்றாம் பாகத்தை எடுத்துவந்த வாரம்தான் அந்த ஆள் வர ஆரம்பித்திருந்தான். டியூஷன் முடிந்து அவள் திரும்பும்போது பின்னால் ஒரு சைக்கிள். முந்திப்போகாது, நிற்கவும் நிற்காது. செயின் உறையில் எதுவோ உரசுகிற சத்தம் கிரீச் கிரீச்சென்று அவள் நடைக்குச் சரியாக வரும். அவள் வேகமாக நடந்தால் அதுவும் வேகம். பேசினதில்லை. தொட்டதில்லை. யாராவது கேட்டால் என்ன சொல்வது, பின்னாடி ஒரு சைக்கிள் வருது என்றா? தெருவில் சைக்கிள் வரத்தான் செய்யும். பிறகு தெருமுனையில் நிற்க ஆரம்பித்தான், அவர்கள் வீட்டு வாசலைப் பார்த்தபடி. அந்த வாரம் தொட்டிமேல் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தால், வேங்கையன் கோட்டைச் சுவரேறிக் குதிக்கிறான். 'அவள் முஷ்டியால் அவன் முதுகில் குத்தினாள். வீரனுக்கு அது பூவால் அடித்தது போலிருந்தது.' அவள் கண் அந்த வரியைத் தாண்டிப் போனது, வாய் போகவில்லை. அப்புறம் என்னக்கா? அப்புறம்... அப்புறம் வேங்கையன் கோட்டை வாசல்ல வந்து நின்னான். உள்ள போகலையா? போகல. கூப்பிடாம எப்படிப் போவான், காத்திருந்தான். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. காத்திருப்பது மட்டும் என்ன யோக்கியமா? தெருமுனையில் நிற்கிறவனும் காத்துக்கொண்டுதானே நிற்கிறான்? வாசலைப் பார்த்துக்கொண்டு ஒருவன் நின்றால் உள்ளே இருக்கிறவள் ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. அதனால் வேங்கையனைத் திருப்பி நிறுத்தினாள். கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்னான்டா, அவ எப்ப வேணா ஜன்னலத் திறந்து காத்து வாங்கிக்கலாம், அவன் பார்க்க மாட்டான். மழையில நனைவானே? நனையட்டும்.

தினமும் கேட்பான். இன்னும் நிக்கிறானாக்கா? இன்னும் நிக்கிறான்டா. புத்தகம் அவள் மடியில் திறந்தே இருக்கும், அவள் அதைப் பார்த்துக்கொண்டே அதில் இல்லாததைச் சொல்லிக்கொண்டு போவாள். மழை பெய்தது, தவளை அவன் காலில் ஏறியது, கோட்டைச் சமையல்காரி இரக்கப்பட்டுக் கம்பங்கஞ்சி கொடுத்தாள். ஆம்பலை இறக்கிவிட வழி தெரியவில்லை. ஒரு பெண் எதற்காகத் தானாக இறங்கி வருவாள் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. வாடகை நூலகத்து நாயுடு வேறு, பாப்பா, புக்கக் கொண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் சைக்கிள்காரன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வேலை மாறிப் போனானோ, கல்யாணம் ஆனதோ, வேறு தெரு கிடைத்ததோ, கடைசி வரைக்கும் தெரியாது. ஆனாலும் கொஞ்ச நாள் சும்மா இருந்து பார்த்துவிட்டுத்தான் ஆம்பலை இறங்கிவரச் செய்து வேங்கையன் தோளைத் தொடவைத்தாள். நாலாம் பாகம் வரும்போது வழுதி தானாகப் படிக்கப் பழகிவிட்டான். அதில் இருவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. எப்படி ஆனது என்பதுதான் அவனுக்குத் தெரியுமே. பெரியவனாகி எட்டுப் பாகத்தையும் கெட்டி அட்டையில் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்தான். முதல் மூணும் எனக்கு மனப்பாடம்க்கா, நீ வாசிச்சது அப்படியே காதுல இருக்கு என்பான். அவள் சிரித்துக்கொள்வாள். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் ஏன் மாற்றினாய் என்று கேட்பான். ஏன் மாற்றினேன் என்றால் சைக்கிள் வரும். கட்டிக்கொண்டவரிடம்கூடச் சொன்னதில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது, தொடக்கூட இல்லையே. கட்டுரையிலும் சொல்லவில்லை. பக்க எண் போட்டாள், அத்தியாய எண் போட்டாள், தன்னை மட்டும் போடவில்லை. மின்விசிறி டக்கென்றது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் அவன் இதை ஆசிரியர் முகத்துக்கு நேராகச் சொன்னால்? ஐயா, அந்தக் கோட்டைவாசல் காட்சியை எப்படி எழுதினீர்கள் என்று கேட்டால்? அரங்கம் முழுக்கச் சிரிக்கும். அதற்குமுன் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவன் வளர்ந்த வீட்டிலிருந்து ஒரு சுவரை உருவியெடுத்த மாதிரி இருக்கும். சொல்லாவிட்டால் ஊர் உருவும். இந்த இரண்டுக்கும் நடுவே அவள் வரிசை வரிசையாக நடந்தாள். சுவரோரம் போய்த் திரும்பினாள், கரும்பலகையோரம் போய்த் திரும்பினாள். செருப்புச் சத்தம் பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருக்குமென்று பிறகு நின்றுகொண்டாள்.

மணி அடித்ததும் நூல் கட்டுகிற அவசரமும் மேஜை இழுபடுகிற சத்தமுமாக அறை கலைந்தது. தாள்களை எண் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது முபீனா வாசலில் தயங்கி நின்றாள், அட்டையை நெஞ்சோடு அணைத்தபடி.

"என்னம்மா, எதையும் விட்டுட்டியா?"

"இல்ல மேம். உங்க கட்டுரைய வாசிச்சேன்."

"ம்."

"எனக்குக் கோவம்தான் மேம். தப்பா எடுத்துக்காதீங்க."

"எடுத்துக்கல. எதுல கோவம்?"

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். வீட்டிலேயே சொல்லிப் பார்த்துவிட்டு வந்தது மறந்துபோன மாதிரி இருந்தது. "நீங்க சொன்னது தப்புன்னு சொல்லல மேம். நானும் அந்தத் தூக்கிட்டுப் போற எடம் வந்தா வேகமாத் தள்ளிருவேன். ஆனா ஆம்பல் கல்லுல கை வைக்கிறா பாருங்க, மொத பாகத்துல, அத வாசிச்சப்ப நான் ஆறாவது. எங்க வீட்ல என்னைய வெளிய எங்கயும் விட மாட்டாங்க. அந்த ஒரு எடத்துக்காகவே மொத்தத்தையும் வாசிச்சேன். அது நல்லாருக்குன்னு நீங்க ஒரு வரிகூட எழுதல. ஏதோ எங்களுக்கெல்லாம் கண்ணே இல்லாத மாதிரி..."

"அது நல்லாருக்கும்மா," என்றாள் பூங்கோதை. சொல்லும்போதே சிமெண்டுத் தொட்டியின் ஈரம் உள்ளங்கையில் பட்டது. "ரொம்ப நல்லாருக்கும். எழுதியிருக்கணும்."

"அவ்ளோதான் மேம்." முபீனாவுக்கு இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று தெரியவில்லை போலும். சிரிப்பதா வேண்டாமா என்று நின்றுவிட்டு, "தேங்க்ஸ் மேம்" என்று படியில் ஓடினாள். பூங்கோதை தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். எழுதியதில் ஒரு வரியைக்கூட மாற்றத் தோன்றவில்லை. அது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்று எட்டிப்பார்த்து எழுதினவள் மாதிரி எழுதியிருக்கிறாள், அந்த வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவள். அதைத்தான் அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போகிறாள். வழுதியின் கோபமும் அதுதானா? இல்லை, அவன் கோபம் வேறு. அவன் சாய்ந்திருக்கிற சுவர் நான் கட்டியது.

கூடையிலிருந்து கைப்பேசியை எடுத்து உயிர்ப்பித்தபோது அவன் பலமுறை அழைத்திருந்தது தெரிந்தது. அங்கேயே பேசப் பயந்து, கல்லூரி வாசலைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்கு வந்து நிற்பதற்குள் மறுபடி அழைத்துவிட்டான்.

"அக்கா."

அக்கா என்றுதான் சொன்னான். "சொல்றா."

"மூணாம் பாகத்த எடுத்து வாசிச்சேன். ஆபீஸுக்கு லீவு போட்டுட்டேன். உனக்குப் பக்க எண்ணோட பதில் போடலாம்னுதான் எடுத்தேன்."

 எதிர்ச்சாரியில் ஒருவர் கரும்பு மெஷினைக் கழுவி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்காருக்கா. அதான் கோவமா வருது. அவ குத்துறது அவனுக்குப் பூவால அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு வருதுல்ல, அந்த வரில நான் சிரிச்சுட்டேன். சந்தோஷமாச் சிரிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இது நீ எனக்கு வேற மாதிரி சொன்ன எடம்னு." பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "வாசல்ல நின்னவன் எங்கக்கா? தவளை எங்க? கம்பங்கஞ்சி எங்க? குரூப்ல என்னய வச்சு ஓட்றாய்ங்க."

"மன்னிச்சிருடா."

"அது போகட்டும். கட்டுரை இப்பவும் எனக்குப் பிடிக்கல."

"பிடிக்க வேணாம்."

"நீ ஏன் மாத்துன?"

கேட்டுவிட்டான். கேட்பான் என்று பயந்துகொண்டே இருந்த கேள்வி, வந்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது, பஸ் எப்ப வரும் என்று யாரோ கேட்கிற மாதிரி. "அப்ப ஒருத்தன் என் பின்னாடியே வந்துக்கிட்டிருந்தான்டா," என்றாள். "சைக்கிள்ல. தெருமுனையில நிப்பான். ரொம்ப நாள். என்னால அந்தப் பக்கத்த வாய்விட்டு வாசிக்க முடியல."

போனில் அவனுக்குப் பின்னால் எங்கோ குக்கர் விசிலடித்தது, அவன் மனைவி ஏதோ கேட்டாள்.

"ஏன்க்கா யார்ட்டயும் சொல்லல?"

"அம்மாவுக்கு டியூட்டி. அப்பா லாரில. யார்ட்டடா சொல்ல?"

"என்கிட்ட."

"உனக்கு எட்டு வயசு."

"சொன்னியேக்கா," என்றான்.  "தெனமும் சொன்ன. இன்னும் நிக்கிறானான்னு நான் கேட்பேன், இன்னும் நிக்கிறான்டான்னு நீ சொல்லுவ. நான் அதக் கதைன்னு கேட்டுக்கிட்டிருந்திருக்கேன்."

பஸ் வந்து புழுதியோடு நின்றது. ஏறுறீங்களாம்மா என்று நடத்துனர் குனிந்து கேட்டார். அவள் தலையை ஆட்டினாள், இல்லை என்று. பஸ் போனதும் நிறுத்தத்தில் அவளைத் தவிர யாருமில்லை. சுவரோரம் நிழல் விழுந்த திட்டில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

"அழறியாக்கா?"

"இல்லடா."

"அந்த ஆள் எப்படி இருப்பான்? எனக்குத் தெரிஞ்ச ஆளா?"

"தெரிஞ்சிருக்காது," என்றாள். அப்புறம், அவசரப்படாமல், சொல்ல ஆரம்பித்தாள். "டியூஷன் வீட்டுக்கு எதுக்க ஒரு சோடாக் கடை இருந்துச்சுல்ல..."